தூக்க முடக்கம்: விழிப்பு வந்தும் உடல் அசையாத அந்த நிமிடத்தைப் புரிந்துகொள்ளவும் கையாளவும் ஒரு முழுமையான வழிகாட்டி

அதிகாலை நாலரை மணி. விழிப்பு வந்துவிட்டது. அறை தெரிகிறது, மின்விசிறிச் சத்தம் கேட்கிறது, மல்லாந்து படுத்திருப்பதும் தெரிகிறது. கையைத் தூக்கப் பார்த்தால் கை வரவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட நினைத்தால் வாய் திறக்கவில்லை. நெஞ்சின் மேல் ஒரு பாரம் ஏறுகிறது. கதவருகே யாரோ நிற்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றுகிறது, திரும்பிப் பார்க்கக் கழுத்து அசையவில்லை. பிறகு சட்டென்று எல்லாம் விட்டுப்போகிறது. எழுந்து உட்கார்ந்து மணி பார்த்தால் ஒரு நிமிடம்கூட முழுதாக ஆகியிருக்காது.

பேச்சு வழக்கில் இதை அமுக்குவான் என்றும் அமுக்குப் பேய் என்றும் சொல்கிறோம். ஜப்பானியர்கள் கனாஷிபாரி என்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத மொழிகளில் எல்லாம் இதற்கென்று தனிச் சொல் இருக்கிறது. ஏனென்றால் மனித மூளை எங்கும் ஒன்றுதான். ‘ஸ்லீப் பாரலிசிஸ்’ என்ற மருத்துவப் பெயரை 1928-ல் வைத்தவர் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன். தமிழில் சிலர் இதைத் ‘தூக்கப் பக்கவாதம்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் வேண்டாம். பக்கவாதத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஏற்கெனவே பயந்திருப்பவரை அது இன்னும் பயமுறுத்தும். இந்த வழிகாட்டியில் தூக்க முடக்கம் என்றே சொல்கிறோம்.

இது அரிதான ஒன்றும் அல்ல. 2011-ல் வெளியான ஒரு மதிப்பாய்வு 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்தவர்கள் பொதுமக்களில் 7.6 சதவீதம், மாணவர்களில் 28.3 சதவீதம், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களில் 31.9 சதவீதம் என்று அதில் தெரியவந்தது. மாணவர்களிடம் ஏன் இவ்வளவு அதிகம் என்பது கீழே போகப் போகப் புரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. முடக்கம் உடலுக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை, தீங்கு செய்வது அதைப் பற்றிய பயம். பயந்தவர் படுக்கைக்குப் போகத் தயங்குகிறார், தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறார். தூக்கம் குறைகிறது. குறைந்த தூக்கம் அடுத்த முடக்கத்தைக் கொண்டுவருகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்தச் சுற்றை ஏதாவது ஓர் இடத்தில் அறுப்பதற்கானவை.

உடல் ஏன் அசைவதில்லை

இரவுத் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ரெம் என்னும் கனவுநிலைத் தூக்கம் வருகிறது. இரவின் முதல் சுற்றில் அது சில நிமிடங்களே இருக்கும். விடியற்காலையை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். முடக்கம் அதிகாலையில் அதிகம் வருவதற்கு இதுதான் காரணம்.

கனவு ஓடும்போது மூளை ஏறக்குறைய விழித்திருப்பதைப் போலவே சுறுசுறுப்பாக இருக்கிறது. கனவில் ஓடினால் ஓடுவதற்கான கட்டளையும் மூளையில் உண்மையிலேயே பிறக்கிறது. அந்தக் கட்டளை காலுக்குப் போய்ச் சேர்ந்தால் படுக்கையிலிருந்து விழுந்து அடிபடுவோம். அதனால் மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியிலிருந்து கிளம்பும் சமிக்ஞைகள், காபா, கிளைசின் என்ற வேதிப்பொருட்களின் வழியாகத் தசைகளை இயக்கும் நரம்புகளை அடக்கி வைக்கின்றன. இந்தப் பூட்டு ஒவ்வோர் இரவும் எல்லோருக்கும் பல முறை விழுகிறது, பல முறை திறக்கிறது. தூங்கிக்கொண்டிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

தூக்க முடக்கத்தில் நடப்பது நேரக் குழப்பம் மட்டுமே. விழிப்பு முன்னால் வந்துவிடுகிறது, பூட்டுத் திறப்பது சற்றுப் பின்தங்குகிறது. சிலருக்குத் தூக்கத்தில் நுழையும்போதே பூட்டு முந்திக்கொண்டு விழுகிறது. ஆகவே அந்த நேரத்தில் உடல் பழுதாகிவிடவில்லை, பாதுகாப்பு ஏற்பாடு கொஞ்சம் தாமதமாக விலகுகிறது. இந்தப் பூட்டுச் சரியாக விழாதவர்களுக்குத்தான் உண்மையான ஆபத்து. அவர்கள் கனவில் செய்வதைப் படுக்கையிலும் செய்து, தங்களையும் பக்கத்தில் இருப்பவரையும் காயப்படுத்திவிடுகிறார்கள்.

பூட்டுக்கு இரண்டு முக்கிய விலக்குகள் உண்டு. ஒன்று கண்களை அசைக்கும் தசைகள். இன்னொன்று உதரவிதானம், அதாவது மூச்சை இழுக்கும் முதன்மைத் தசை. மூச்சு நிற்பதில்லை, நிற்கவும் போவதில்லை. ஆனால் விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகள் தளர்ந்திருப்பதால் நெஞ்சு வழக்கம்போல் விரிந்து கொடுக்காது. ஆழமாக இழுக்க முயன்றால் வருவதில்லை. அதைத்தான் மூளை ‘யாரோ நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்று படித்துக்கொள்கிறது.

உருவங்களும் சத்தங்களும் வருவது கனவு இன்னும் முழுதாகக் கலையாததால். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-ல் இவற்றை மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை அறைக்குள் யாரோ இருக்கும் உணர்வு, காலடிச் சத்தம், கதவு திறக்கும் ஓசை. இரண்டாவது நெஞ்சுப் பாரம், மூச்சுத் திணறல், கழுத்தை நெரிப்பது போன்ற உணர்வு. மூன்றாவது மிதப்பது, சுழல்வது, உடலை விட்டு வெளியே போவது. முதல் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், பயமும் அவற்றில்தான் அதிகம். அசைய முடியாத உடலோடு விழிக்கும் மூளை ஆபத்தைத் தேடுகிறது. தேடும் மூளைக்கு நிழலெல்லாம் ஆளாகத் தெரிகிறது.

படி 1: இது தூக்க முடக்கம்தானா என்று உறுதி செய்யுங்கள்

நான்கு அடையாளங்கள் போதும். தூக்கத்தில் நுழையும்போதோ விழிக்கும்போதோ வருகிறது. அந்த நேரத்தில் சுயநினைவு இருக்கிறது, அறையைப் பார்க்கவும் கேட்கவும் முடிகிறது. கை கால் உடல் எல்லாம் சேர்ந்து அசையவில்லை, பேச்சும் வரவில்லை. சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ முழுதாக விட்டுவிடுகிறது, பின்னால் பலவீனம் எதுவும் மிச்சமில்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை பல. கெட்ட கனவில் விழித்தவுடன் உடல் அசையும். இரவில் வரும் பீதித் தாக்குதலில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், ஆனால் எழுந்து நடக்க முடியும். குழந்தைகளுக்கு வரும் இரவு அலறல் ஆழ்ந்த தூக்கத்தில் வருவது, காலையில் நினைவே இருக்காது. திணறியபடி, இருமியபடி விழிப்பவர் குறட்டையும் விடுபவராக இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயைச் சந்தேகிக்க வேண்டும். உடல் அசையாமல் மணிக்கணக்கில் நீடித்து, ஆனால் தெளிவாகப் பேச முடிந்தால், அது ரத்தத்தில் பொட்டாசியம் குறைவதால் வரும் முடக்கமாக இருக்கலாம். அதற்கு உடனே மருத்துவமனை தேவை.

முகத்தின் ஒரு பக்கம் கோணுவது, ஒரு பக்கக் கை காலில் மட்டும் பலமில்லாமல் போவது, எழுந்த பிறகும் பேச்சுக் குழறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு அவசர ஊர்தியை அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம்.

படி 2: அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியவை

வரிசை முக்கியம். முதலிலேயே கையைக் காலை உதற முயல்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

முதலில் பெயர் சொல்லுங்கள். மனதுக்குள் ஒரே வாக்கியம்: “இது தூக்க முடக்கம், பூட்டு இன்னும் திறக்கவில்லை, தானாகத் திறக்கும்.” வாக்கியத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் புதிதாக யோசிக்க மூளை ஒத்துழைக்காது.

அடுத்தது போராட்டத்தை நிறுத்துவது. பெரிய தசைகளை உலுக்கி எழப் பார்க்கும்போது கட்டளை போகிறது, பதில் வரவில்லை. பதில் வராததையே மூளை பாரமாகவும் பிடியாகவும் உணர்கிறது. போராடப் போராட நெஞ்சின் மேல் இருப்பவர் கனமாகிக்கொண்டே போவது இதனால்தான். கத்த முயல்வதும் அப்படித்தான். சத்தம் வராது, பீதி மட்டும் ஏறும்.

மூச்சை அதன் போக்கில் விடுங்கள். மற்ற நேரங்களில் பதற்றத்துக்கு ஆழ்ந்த மூச்சு நல்ல மருந்து. இங்கே அது வேலை செய்யாது, ஏனென்றால் ஆழமாக இழுக்க வேண்டிய தசைகளே பூட்டப்பட்டிருக்கின்றன. இழுத்துப் பார்த்து வராமல் போனால் ‘மூச்சு நிற்கிறது’ என்ற எண்ணம் வந்துவிடும். சின்னச் சின்ன மூச்சே போதும், உதரவிதானம் பார்த்துக்கொள்ளும். அது உள்ளே போய் வருவதைக் கவனித்தால் மட்டும் போதும்.

கண்களை உருவத்தின் பக்கம் ஓட்டாதீர்கள். பெரும்பாலோருக்கு இமைகளை மூட முடியும், முடிந்தால் மூடிக்கொள்ளுங்கள். உருவம் என்ன செய்கிறது, எங்கே நிற்கிறது என்று தேடினால் பாதிக் கனவில் இருக்கும் மூளை அந்தக் கேள்விக்குப் பதிலைத் தயாரித்துக் கொடுத்துவிடும்.

பிறகு கவனம் முழுவதையும் உள்ளே ஒரே இடத்தில் வையுங்கள். மனதுக்கு இதமான ஒரு முகம், மனப்பாடமான ஒரு பாடல் வரி, ஒரு பிரார்த்தனை, எதுவானாலும் சரி. முன்பே முடிவு செய்ததாக இருக்க வேண்டும், உணர்ச்சியோடு பிணைந்ததாக இருந்தால் இன்னும் நன்றாகப் பிடித்து நிறுத்தும். நெஞ்சுப் பாரம், சத்தம் எல்லாம் ஓரத்தில் நடந்துகொண்டிருக்கட்டும்.

கடைசியாக, வேண்டுமானால் மட்டும், மிகச் சிறிய அசைவு. கால் கட்டை விரல், சுண்டுவிரல் நுனி, நாக்கு நுனி, இவற்றில் ஒன்றை மெதுவாக அசைக்கப் பார்க்கலாம். வந்தால் அதோடு முழு உடலும் விடுபடுவது பலருடைய அனுபவம். வராவிட்டால் திரும்பத் திரும்ப முயல வேண்டாம், கவனத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். இதில் நிபுணர்களிடையே இரண்டு கருத்து உண்டு. அசையவே முயலக் கூடாது என்கிறது ஒரு சாரார், சின்ன அசைவு உதவும் என்கிறது இன்னொரு சாரார். நாங்கள் சொல்வது இரண்டுக்கும் நடுவில்: பயம் தணிந்த பிறகு விரல், அதற்கு முன்னால் எதுவும் வேண்டாம்.

சிலருக்கு இன்னொரு குழப்பமும் நேரும். எழுந்துவிட்டோம், விளக்கைப் போட்டோம், அறையை விட்டு வெளியே வந்தோம் என்று நினைப்பார்கள். அடுத்த நொடி அதே படுக்கையில் அதே நிலையில் கிடப்பார்கள். எழுந்தது கனவு. இது பயங்கரமாகத் தோன்றினாலும் புதிய ஆபத்து எதுவும் இல்லை, அதே பூட்டு இன்னும் கொஞ்சம் நீடிக்கிறது. முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

படி 3: விட்ட பிறகு உடனே தூங்கப் போகாதீர்கள்

ஒரே இரவில் இரண்டு மூன்று முறை வந்தது என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: விட்டதும் திரும்பிக்கூடப் படுக்காமல் அப்படியே கண்ணை மூடியிருப்பார்கள். அந்த நேரத்தில் ரெம் தூக்கம் வாசலிலேயே நிற்கிறது. கண்ணை மூடினால் நேராக அதற்குள் போய் மறுபடி மாட்டிக்கொள்வோம்.

எழுந்து உட்காருங்கள், காலைத் தரையில் ஊன்றுங்கள், மங்கலான விளக்கைப் போடுங்கள். முகம் கழுவலாம், தண்ணீர் குடிக்கலாம், வீட்டுக்குள் நாலு அடி நடக்கலாம். 10 முதல் 15 நிமிடம் போதும். கைபேசியை எடுக்க வேண்டாம். முக்கியமாக, அந்த நேரத்தில் ‘நெஞ்சில் உட்காரும் உருவம்’ என்று தேடிப் படிக்க வேண்டாம். திரும்பப் படுக்கும்போது ஒருக்களித்துப் படுங்கள்.

படி 4: பகலில் ஒத்திகை

படி 2-ஐப் படித்துவிட்டு விட்டால் அந்த நிமிடத்தில் ஞாபகம் வராது. கைப்பழக்கம்போல் ஆகியிருந்தால்தான் வரும். பலண்ட் ஜலால் என்ற ஆய்வாளர் நான்கு கட்டங்களாக ஒரு பயிற்சியை வகுத்திருக்கிறார்: நடப்பதன் பொருளை மாற்றிப் படிப்பது, பயத்திலிருந்து விலகி நிற்பது, உள்ளே ஒன்றில் கவனம் குவிப்பது, தசைகளைத் தளர விடுவது. 2020-ல் நார்கோலெப்சி (பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நோய்) உள்ள 10 பேரை வைத்து நடந்த ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வில், 8 வாரம் இதைப் பழகியவர்களுக்கு முடக்கம் வரும் நாட்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆய்வு மிகச் சிறியது, அதை வைத்து உறுதி கூற முடியாது. ஆனால் செலவில்லாதது, பக்கவிளைவு இல்லாதது, முயன்று பார்க்கத் தகுந்தது.

வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் ஒதுக்குங்கள். நன்றாக விழித்திருக்கும் பகல் நேரத்தில், முடக்கம் வழக்கமாக வரும் அதே நிலையில் படுத்துக்கொள்ளுங்கள். உடலை அசைக்காமல் முடக்கம் வந்துவிட்டதாகவே பாவித்து, வாக்கியத்தைச் சொல்லி, மூச்சை விட்டு, கவனத்தைக் குவித்து, படி 2-ஐ வரிசையாக ஓட்டுங்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் இதைச் செய்ய வேண்டாம், ஒத்திகையே நிஜமாகிவிடக் கூடும்.

படி 5: பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லி வையுங்கள்

வெளியிலிருந்து வரும் தொடுதலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் முடக்கத்தைப் பெரும்பாலும் உடைத்துவிடும். ஆனால் பக்கத்தில் படுப்பவருக்கு எப்படித் தெரியும்? மூச்சு வேகமாவது, இமைக்குள் கண் ஓடுவது, மெல்லிய முனகல், இவையே அறிகுறிகள். “இப்படிக் கேட்டால் தோளைத் தொட்டு என் பெயரைச் சொல்” என்று ஒருமுறை சொல்லி வைத்தால் போதும். உலுக்கவும் வேண்டாம், தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம். விட்டதும் “என்ன கண்டாய்” என்று துருவாமல், உட்கார வைத்து, விளக்கைப் போட்டு, இரண்டு வார்த்தை சாதாரணமாகப் பேசினால் அதுவே பெரிய உதவி.

படி 6: நான்கு வாரம் குறித்து வையுங்கள்

எதனால் வருகிறது என்று ஊகிப்பதை விட எழுதிப் பார்ப்பது மேல். காலையில் இரண்டு நிமிட வேலை. ஒரு நாளின் குறிப்பு இப்படி இருக்கும்:

“செவ்வாய். படுத்தது 1.15, தூங்கியது 1.40 இருக்கும். அலாரம் 6.00, மூன்று முறை தள்ளிப்போட்டேன். முடக்கம் 6.10-க்கும் 6.20-க்கும் நடுவில், ஒருமுறை. மல்லாந்து. நெஞ்சுப் பாரம், காலடிச் சத்தம். பயம் 10-க்கு 8. கடைசிக் காபி மாலை 6. முந்தைய இரண்டு இரவும் தூங்கியது 5 மணி நேரம், நாலரை மணி நேரம்.”

கடைசி வரிதான் பலர் எழுத மறப்பது. முடக்கம் வந்த இரவை மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது. இரண்டு மூன்று இரவுகளாகச் சேர்ந்த தூக்கக் கடன் நாலாவது நாள் வந்து நிற்கும். முடக்கம் வராத நாட்களையும் எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.

படி 7: வராமல் பார்த்துக்கொள்வது

எல்லாவற்றிலும் கனமானது தூக்கத்தின் அளவும் ஒழுங்கும். தூக்கம் குறையும்போது மூளை ரெம் தூக்கத்துக்குப் பசியோடு இருக்கிறது, கிடைத்த இடத்தில் எல்லாம் அவசரமாக நுழைகிறது. அந்த அவசரத்தில்தான் விழிப்பும் கனவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும், பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரம். தேர்வுக்கு இரவெல்லாம் படித்துவிட்டு விடிகாலையில் சாயும் மாணவர்களுக்கு ஏன் இது இவ்வளவு வருகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படுக்கும் நேரத்தை விட எழும் நேரத்தை முதலில் பிடியுங்கள். விடுமுறை நாளிலும் அரை மணிக்கு மேல் மாறக் கூடாது. எழும் நேரம் நிலையானால் இரண்டு மூன்று வாரத்தில் தூக்கம் வரும் நேரமும் தானாக நிலைபெறும். அலாரத்தைத் தள்ளிப்போடும் பழக்கத்தையும் விடுங்கள். ரெம் நிறைந்த விடியற்காலையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, திரும்பத் தூங்கி, மறுபடி விழிப்பது முடக்கத்துக்குப் பாதை போட்டுக் கொடுப்பதுதான். இது ஊகம் அல்ல. இரவில் தூக்கத்தைக் கலைத்து, பிறகு திரும்பத் தூங்க வைத்து, ஆய்வகத்திலேயே தூக்க முடக்கத்தை வரவழைத்துக் காட்டினார்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். அந்த ஆய்வு வெளியானது 1992-ல். கனவில் விழிப்போடு இருக்கும் பயிற்சி என்று நடு இரவில் அலாரம் வைத்து எழுந்து மறுபடி படுப்பவர்களும் அறியாமல் இதே சோதனையைத் தங்கள் மேல் நடத்திக்கொள்கிறார்கள். முடக்கத்தால் அவதிப்படுபவர்கள் அந்தப் பயிற்சிப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது படுக்கும் நிலை. மல்லாந்து படுக்கும்போது முடக்கம் அதிகம் வருவது பல ஆய்வுகளில் தெரிந்தது. ஒருக்களித்துப் படுப்பது சுலபமாகத் தோன்றும், ஆனால் தூக்கத்தில் உடல் தானாகப் புரண்டுவிடும். நீளமான தலையணை ஒன்றை முதுகோடு ஒட்டி, தோளிலிருந்து இடுப்பு வரை வருமாறு வையுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று வைத்தால் இடுப்பு வலிக்காது, அதே நிலையில் நெடுநேரம் இருக்க முடியும். அப்படியும் புரள்பவர்கள் பழைய பனியனின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு பை தைத்து அதில் டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்ளலாம். மல்லாந்ததும் உறுத்தும், உடல் திரும்பிக்கொள்ளும். முதல் சில இரவுகள் தூக்கம் கெடும். அதற்காகக் கைவிடாமல் மூன்று வாரம் பாருங்கள்.

பகல் தூக்கம் 20 நிமிடம், அதுவும் மாலை 3 மணிக்கு முன்னால். தூக்கக் கடன் இருப்பவர் மாலையில் ஒரு மணி நேரம் தூங்கினால் அந்தத் தூக்கத்திலேயே முடக்கம் வரலாம்.

காபியின் காஃபீன் பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் ஆகிறது. மாலை 6 மணிக் காபியில் பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். மதியத்தோடு நிறுத்துங்கள். தேநீருக்கும் இதே கணக்குத்தான். மது முன்னிரவில் ரெம் தூக்கத்தை அமுக்கி வைக்கும், பின்னிரவில் அது திரும்பி வரும். தூக்கத்துக்காகக் குடிப்பவர்களுக்கு விடியற்காலை முடக்கம் வருவது அதனால்தான்.

இரவுப்பணி மாறி மாறி வருபவர்களுக்கு எழும் நேரத்தை நிலையாக வைப்பது முடியாத காரியம். அவர்கள் பணி மாறும் வாரத்தின் முதல் இரண்டு நாட்களில் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் தூக்கத்துக்கு ஒதுக்கட்டும், அறையை முழு இருட்டாக்கட்டும், இரண்டு துண்டுகளாகத் தூங்காமல் ஒரே நீட்டாகத் தூங்கப் பார்க்கட்டும்.

மனஅழுத்தம், பதற்றம், பழைய அதிர்ச்சிகளின் பாதிப்பு உள்ளவர்களுக்கு முடக்கம் அதிகம். இவர்களுக்குத் தலையணையும் அலாரமும் மட்டும் போதாது, மூலக் காரணத்துக்குச் சிகிச்சை வேண்டும். பரம்பரைக்கும் பங்கு உண்டு. 2015-ல் வெளியான இரட்டையர் ஆய்வு ஒன்று, பாதிக்குச் சற்று மேல் மரபணு சார்ந்தது என்று கணித்தது. வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருக்கலாம், இத்தனை நாள் வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒரு கடுமையான எச்சரிக்கை: மனச்சோர்வுக்கான மருந்துகளில் பல ரெம் தூக்கத்தைக் குறைப்பவை. அவற்றைச் சட்டென்று நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த ரெம் பொங்கி வந்து, கடுங்கனவும் முடக்கமும் கூடும். நிறுத்த வேண்டுமானால் மருத்துவர் சொல்லும் அளவில், சிறிது சிறிதாகத்தான்.

படி 8: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

வாழ்நாளில் நாலைந்து முறை வந்துபோனவருக்கு மருத்துவர் தேவையில்லை. மேலே சொன்னவற்றை நான்கு முதல் எட்டு வாரம் செய்தும் வாரம் ஒருமுறைக்கு மேல் வந்தால் போங்கள். படுக்கைக்குப் போகவே பயமாக இருந்தாலும் போங்கள். குறட்டையும் மூச்சுத் தடையும் சேர்ந்திருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

தனியாகக் கவனிக்க வேண்டியது நார்கோலெப்சி. இரவு போதுமான அளவு தூங்கியும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வருகிறதா? சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ முழங்கால் துவள்கிறதா, தாடை தொங்குகிறதா, கையில் இருப்பது நழுவுகிறதா? அப்படியானால் முடக்கம் அந்த நோயின் ஒரு பகுதியாக இருக்கலாம். இரவு முழுதும் தூக்கத்தைப் பதிவு செய்து, மறுநாள் இரண்டு மணி நேர இடைவெளியில் நாலைந்து குட்டித் தூக்கம் போடச் சொல்லிச் சோதிப்பார்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கிவிடுவதும், தூங்கியவுடனே ரெம் நிலைக்குப் போவது இரண்டு முறையாவது பதிவாவதும் அதன் அடையாளம். நார்கோலெப்சிக்கு நல்ல மருந்துகள் உண்டு, வாகனம் ஓட்டுபவர்கள் இதை ஒரு நாளும் அலட்சியம் செய்யக் கூடாது.

வேறு நோய் எதுவும் இல்லாமல் முடக்கம் மட்டும் அடிக்கடி வருபவர்களுக்குச் சில மருத்துவர்கள் ரெம் தூக்கத்தைக் குறைக்கும் மருந்தைச் சிறிய அளவில் கொடுப்பதுண்டு. இதற்கென்று பெரிய ஆய்வுகள் நடக்கவில்லை என்பதால் அது முதல் வழி அல்ல, மற்றவை பலிக்காதபோது பார்ப்பது.

பதின்பருவத்தில்தான் இது பலருக்கும் தொடங்குகிறது. பிள்ளை வந்து சொன்னால் “கனவு கண்டிருப்பாய், போய்ப் படு” என்று தள்ளிவிடாதீர்கள், பேய் என்று பயமுறுத்தவும் வேண்டாம். “எனக்குத் தெரியும், இதற்குப் பெயர் இருக்கிறது, ஒரு நிமிடத்தில் விட்டுவிடும்” என்று சொல்லி, பூட்டு எப்படி விழுகிறது என்று விளக்குங்கள். சில நாட்கள் அறைக் கதவைத் திறந்து வைத்து, மங்கலான விளக்கு எரியட்டும்.

மருத்துவரிடம் போகும்போது நான்கு வாரக் குறிப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதோடு நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலும், கடந்த மூன்று மாதத்தில் நிறுத்திய மருந்துகளின் பெயரும் வேண்டும். முடிந்தால் பக்கத்தில் படுப்பவரையும் அழைத்துச் செல்லுங்கள். குறட்டை விடுகிறீர்களா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மருத்துவர் கேட்கும்போது பதில் சொல்லக் கூடியவர் அவர்தான்.